புளூபெரிக்கு ஒரு ஜெபக்கூட்டம்

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இது பரம்பரை வியாதி இல்லை. ஆசிரியர் கலாசாலையில் தொற்றிக்கொண்டது. வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு, அதற்கு விடை தெரியாவிட்டால், "நல்ல கேள்வி, நாளைக்கு நீயே தேடிக்கொண்டு வா" என்று தப்பிக்கலாம். வீட்டில் அந்தத் தந்திரம் எடுபடாது. புளூபெரி விஷயத்தில் அதை நான்கு பெண்களும் ஒரு விவசாயப் போதனாசிரியரும் சேர்ந்து எனக்குப் புரிய வைத்தார்கள்.

எங்கள் வீடு பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். படித்து, ஹாலிஎலப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போய், கலியாணம் முடித்து, ஒரு மகளையும் பெற்று, லயத்திலிருந்து இருநூறு அடி தள்ளி வீடு கட்டிக்கொண்டேன். (அந்த இருநூறு அடியை இரண்டு மைல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.)

என் கணவர் செல்வராஜ் லுணுகலை பஸ்ஸில் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பெருமை வீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த போஞ்சிப் பந்தல். அந்த வருடத்து வீட்டுத்தோட்டப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசுகூடக் கிடைத்திருந்தது.

வினை ஆசிரியர் அறையில் தொடங்கியது. கொழும்புக்குப் போய்வந்த ஒரு டீச்சர், ஒரு சின்னப் பெட்டி புளூபெரி கொண்டுவந்து ஆளுக்கு இரண்டு தந்தார். வெளிநாட்டுப் பழம் என்று எல்லோரும் கண்ணை மூடிச் சாப்பிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது நம்ம மலையிலயே அருமையா வருமே" என்றேன். அது மரமா, கொடியா என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. "அப்போ வளர்த்துக் காட்டுங்களேன்" என்று பெட்டியை மூடினார் அந்த டீச்சர்.

மானம் போய்விடும் அல்லவா? பண்டாரவளைப் பக்கத்து நாற்றுமேடைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து நான்கு கன்றுகள் வாங்கினேன். இந்த இனத்துக்குப் பெரிய குளிர் வேண்டாம், நல்ல வெயில் வேண்டும் என்றார். வீட்டைச் சுற்றி நல்ல வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்வராஜ் பஸ்ஸோடு இரண்டு நாள் வாடகை ஹயருக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் பந்தலைப் பிரித்தேன்.

திரும்பி வந்தவர் பந்தல் இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் பேசினார்.

"அடுத்த வருசப் போட்டிக்கு வர்றவரு கண்ணால ஒரு பழத்தயாவது பாக்கணும். பாத்தாருன்னா ஒஞ் செடி அங்கயே நிக்கட்டும். பாக்கலைன்னா மறுநா காலையில எம் போஞ்சி."

நான் சம்மதித்தேன். ஒரு பழம் என்ன, கூடை கூடையாகக் காட்டுகிறேன் என்று சவாலும் விட்டேன்.

புளூபெரிக்குப் புளித்த மண் வேண்டும் என்று வாசித்தேன். வாசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீரில் வினாகிரி கலந்து ஊற்றினேன். மீன் குழம்புக்குப் போடும் கொறுக்காப்புளியை ஊறவைத்து ஊற்றினேன். தோட்டம் முழுக்க அச்சாறு வாடை. செடிக்கு மீன் குழம்பு வைக்கிறாயா என்று செல்வராஜ் கேட்டார். நான்கு செடியும் வாடிப்போய்த் தலையைத் தொங்கப்போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: வீடு கட்டும்வரை அது தேயிலை நின்ற மண். தேயிலைக்கும் புளித்த மண்தான் வேண்டும். நூறு வருடம் தேயிலை வளர்த்த மலைக்கு நான் புளிப்புக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். (பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு அலுமாரி நிறைய, புளிப்பைக் காட்டிக்கொடுக்கும் பாசிச்சாயத்தாள் இருந்தது. அதில் ஒன்றைக் கிழித்து வந்து மண்ணைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை.)

வினாகிரியை நிறுத்தியதும் செடிகள் பிழைத்தன. அதிலிருந்து நான் அவற்றைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டேன். யாரும் கிட்டே போகக்கூடாது. "தொடாதீர்கள்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். லயத்துப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பார்கள். அவர்களில் எஸ்தரக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவருக்கு நான் இந்தப் பழத்திலுள்ள சத்துகள், உயிர்ச்சத்துகள், ஒட்சியேற்ற எதிரிகள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திங்கலாமா, திங்கக்கூடாதா?" என்றார்.

பூ வந்தது. சின்னச் சின்ன வெள்ளை மணிகள். நான் எடுத்த படங்களைப் பார்க்காத ஆசிரியர் எங்கள் பாடசாலையில் இல்லை. பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அத்தனை பூவும் கீழே கொட்டிக் கிடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாம் முடிந்தது என்று கட்டிலுக்குக் கட்டிய ஒரு பழைய நுளம்புவலையைச் செடிகள்மேல் போர்த்திவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை.

பூவின் அல்லிகள் உதிர்ந்த பிறகுதான் காய் பிடிக்கும் என்பதைத் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் படம் கீறிப் படிப்பிப்பவள் நான். எழுதாத பிள்ளைக்குப் புள்ளியும் குறைப்பேன். சொந்தத் தோட்டத்தில் அது நடந்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மழை பெய்தது. வலைக்குள் செடிகள் சிவப்பும் பச்சையுமாகத் தளிர்களை அள்ளி வீசின. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபடி இலை மூடிக்கொண்டது. நானும் உள்ளே பார்க்கவில்லை.

போட்டி நாள் ஒரு சனிக்கிழமை. தோட்டம் பார்த்துப் புள்ளி போடும் விவசாயப் போதனாசிரியர் நாலு மணிக்கு வருவார் என்று தகவல். விஞ்ஞானம் கைவிட்ட பிறகு எனக்கு மிச்சம் இருந்தது ஜெபம் ஒன்றுதான். எஸ்தரக்காவையும் அவரோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகும் மூன்று பெண்களையும் மூன்று மணிக்கு வீட்டில் வந்து ஜெபிக்கச் சொன்னேன். என்னத்துக்கு என்று எஸ்தரக்கா கேட்டார். ஒரு காரியம் என்று மட்டும் சொன்னேன். காய்க்காத செடிக்கு ஜெபம் கேட்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

பெரியவர் ஒருவர் வருகிறாரே என்று காலையில் தரைக்குச் சிவப்பு பொலிஷ் போட்டேன். அது காயாமல் கிடந்தது. வந்த நான்கு பேரையும் உள்ளே விடாமல், "கொஞ்சம் தோட்டத்துல நில்லுங்க, பிளேன்டீ கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். போட்டிக்காக வலையையும் "தொடாதீர்கள்" அட்டையையும் அப்போதுதான் கழற்றி வைத்திருந்தேன்.

அடுப்படி யன்னல் வழியே அவர்கள் பேச்சுக் கேட்டது. யாரோ ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றி. பேச்சுக்கு அடியில் 'டிக், டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சின்ன வயதில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் சீனி தேடிக்கொண்டிருந்தேன்.

தட்டோடு வெளியே வந்தேன். நான்கு பெண்கள், நான்கு செடிகள். ஆளுக்கொரு செடி என்று நிரை பிரித்துக்கொண்டு நின்றார்கள். முகங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டிருந்தன. கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. இரண்டு இலையும் மொட்டுமாக என் தளிர்கள் அத்தனையும் அவர்கள் மடியில். செடிகள் நான்கும் மலையிலுள்ள தேயிலை மாதிரி மட்டமாக, அழகாக நின்றன. ஒன்றுகூட உயரம் தப்பவில்லை.

"எஸ்தரக்கா, என்னக்கா செய்றீங்க?" என்றேன்.

எஸ்தரக்கா தன் கையை யாரோ இன்னொருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐயோ கிரேசு, கை தானாப் போயிருச்சுடி. செடிகிட்ட சும்மா நிக்கத் தெரியலையே இதுக்கு."

அழக்கூட நேரமில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. போதனாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெறும் வயது, கையில் படிவம். அவருக்குப் பின்னாலேயே செல்வராஜும் வந்தார். அரை நாள் லீவு போட்டிருக்கிறார் மனிதர்! சட்டைப்பையில் ஏதோ கிலுகிலுத்தது. போஞ்சி விதை. கடையிலிருந்து வாங்கியே வந்துவிட்டார்.

போதனாசிரியர் செடிகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து, கிள்ளிய நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

"உந்தச் செடியை நான் படத்திலதான் பாத்தனான். ஆர் பிள்ளை இப்பிடி நுனி கிள்ளினது? வடிவாச் செய்திருக்கு."

எனக்குத் தெரியாது, இது விபத்து என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, தொண்டையைச் செருமிக்கொண்டு விரிவுரை தொடங்கினேன். முனையரும்பை அகற்றினால் பக்கவரும்புகள் விழித்துக்கொள்ளும், ஒரு கிளை மூன்றாகப் பிரியும், நீண்ட நாள் திட்டமிட்டு இன்றைக்குத்தான் செய்தேன் என்று அடித்துவிட்டேன். போதனாசிரியர் தலையாட்டி எழுதிக்கொண்டார். செல்வராஜ் வானத்தைப் பார்த்தார்.

அப்போது எஸ்தரக்கா பணிவாக முன்னால் வந்து, மடியை விரித்து, கங்காணியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"டீச்சர், கொழுந்த எங்கங்க நிறுக்கிறது?"

மற்ற மூவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதனாசிரியர் மடியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்குக் காது மடல்வரை எரிந்தது. பொலிஷ் தரையிலிருந்து ஜெபம் வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்ற வார்த்தையும் அதில் இரண்டு மூன்று தடவை வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்படத்தான் போனார். போகிற போக்கில் கடைசிச் செடிக்குள் குனிந்தார்.

"அப்ப இது என்ன பிள்ளை?"

மேலே மூடியிருந்த தளிர் போனதால் செடிக்குள் வெயில் விழுந்திருந்தது. அடியில், பழைய கிளையின் நுனியில், ஒரு கொத்து. பச்சையாக எட்டு. சாம்பல் பூசிய மாதிரி நீலமாக மூன்று. பழத்தை விட்டுவிட்டுக் கொழுந்தை மட்டும் எடுத்திருக்கின்றன அந்தக் கைகள்! கொழுந்துக்கு நடுவே வேறெதையும் அவை தொடாது.

நான் செல்வராஜைத்தான் பார்த்தேன். அவர் சட்டைப்பைமேல் வைத்திருந்த கையை எடுத்தார். "பாத்துட்டாரு" என்றார். பந்தல் போன நாளிலிருந்து அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பழுத்த மூன்றில் ஒன்றைப் போதனாசிரியர் சாப்பிட்டுப் பார்த்தார். ஒன்றை எஸ்தரக்காவுக்குக் கொடுத்தார். மூன்றாவதைச் செல்வராஜுக்கு நீட்டினார். வளர்த்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எஸ்தரக்கா மட்டும் மென்றுவிட்டு என்னைப் பார்த்து, "திங்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. படிவத்தில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவர் ஐந்து பெயர்களை எழுதியிருந்தார். பரிசளிப்பில் ஐந்து பேரும் மேடையேறி ஒரே ஒரு பூவாளியை ஐந்து கையாலும் பிடித்து வாங்கினோம்.

ஆனால் உண்மையான வெற்றி பிறகு வந்தது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன விரிவுரை அச்சொட்டாகப் பலித்தது. கிள்ளிய ஒவ்வொரு நுனியும் இரண்டாய், மூன்றாய்ப் பிரிந்தது. அடுத்த பருவத்தில் கிளை தாங்காமல் காய்த்தது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி நிறையக் கொண்டுபோய் அந்த டீச்சர் மேசையில் வைத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. (அது எவ்வளவு கடினம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.) அந்த வருடம் முதல் பரிசும் எங்களுக்குத்தான். செல்வராஜின் போஞ்சி விதைகளை வேலியோரம் நானே நட்டு, நானே பந்தலும் போட்டுக் கொடுத்தேன். அதுவும் போட்டியில் எங்கள் கணக்கில்தான் சேர்ந்தது. இப்போது எங்கள் வீட்டில் பதினாறு செடி. லயத்தில் எஸ்தரக்கா வாசலிலும் மற்ற மூவர் வாசலிலும் கன்றுகள் காய்க்கின்றன.

ஒவ்வொரு பருவமும் பழம் பறித்து முடிந்து, புதுத் தளிர் முழங்கால் உயரம் வந்ததும் செல்வராஜ் கேட்பார், "டீச்சர், ஜெபக்கூட்டம் எப்ப?" தெரியாத எதையாவது தெரிந்த மாதிரி நான் விளக்கத் தொடங்கினால், என் மகள் முதற்கொண்டு வீட்டில் யாராவது ஒருவர் பணிவாக இரண்டு கையையும் விரித்து, கொழுந்தை எங்கே நிறுக்கிறது என்று கேட்பார்கள். நான் உடனே வாயை மூடிக்கொள்வேன்.

போன மாதக் கூட்டத்துக்கும் தோட்டத்தில்தான் நின்றோம். தரை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் யாரும் உள்ளே போகவில்லை. எஸ்தரக்கா நீளமாக ஜெபித்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்குத் தெரியாதவற்றையெல்லாம் ஆண்டவரிடம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாத என் கை நிறைய, இரண்டு இலையும் மொட்டுமாக, கொழுந்து.

செல்வராஜ் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"எஸ்தரக்கா, கொழுந்த எங்கங்க நிறுக்கிறது?"