பனிப்பாறைப் பாடத்தில் அப்பா எதற்கு?

"மேடம், பனிப்பாறையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கிற மனுஷன், நடுவுல எதுக்கு அவங்க அப்பாவை இழுக்கிறாரு?"

நடேசன் கேட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. கரையான்சாவடி மெயின் ரோட்டில், மின்விசிறிக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பு அது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் ஆங்கில விரிவுரைகளைக் கேட்டு, பேசுகிறவர் எதை எதற்காகச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கப் பழகுகிற இடம். அதில் வழுக்கைத் தலை நடேசனுடையது மட்டும்தான்.

ஆசிரியை ஹேமாவதி அவர் நீட்டிய செல்போனில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டார். அத்தை கல்யாணத்துக்கு அப்பா ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து சைக்கிளில் கொண்டுவந்த கதையை விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

"உதாரணம் சார். பனி எப்படி மெதுவா உருகுதுன்னு விளக்குறாரு. ஆப்ஷன் பி."

"அப்பா ஞாபகம் வந்து சொல்லியிருக்க மாட்டாரா?"

"அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது சார்."

நடேசன் உட்கார்ந்துவிட்டார். அந்த விரிவுரையாளர் தன் மகன் நிர்மல் என்பதை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, மனைவி ராணியும் போய்ச் சேர்ந்த பிறகு, சேக்காட்டு வீட்டில் சத்தம் போடுவதற்குக் குக்கரை விட்டால் ஆளில்லை. ஒரே மகன் நியூசிலாந்தில் பனிப்பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். ஆவடி வெயிலில் வளர்ந்தவன் வேறு எதைத் தேடிப் போவான்? ஞாயிறுதோறும் தவறாமல் போன் செய்வான்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"பிரஷர் மாத்திரை?"

"ஆச்சு."

"சரிப்பா, வெச்சிடவா?"

"ம்."

வகுப்பில் படித்த வித்தையை நடேசன் இதிலும் போட்டுப் பார்த்தார். 'வெச்சிடவா' என்பதில் பேசுகிறவரின் நோக்கம் என்ன? பேச்சை முடிப்பது. வேறு விடை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

இதே பையன் யூடியூபில் ஏற்றுகிற பாடங்களில் முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினான். திரையில் பனிப்பாறைப் படங்கள் ஓடும், கூடவே அவன் குரல். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நடேசன் மத்தியானச் சோற்றை மகன் குரலோடுதான் சாப்பிட்டார். புரிந்தது பாதிகூட இல்லை. அதற்காகத்தான் பஸ் ஏறி இந்த வகுப்புக்கு வருகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியா மெதுவாகக் குனிந்தாள். "இன்னா அங்கிள், மேடத்தை எதுக்குக் கேக்குறீங்க? வீடியோவுக்குக் கீழ எழுதுனா அந்த சாரே பதில் போடுவாரு."

"என் பேர்ல வேணாம்மா. கிழவனுக்கு எதுக்கு இதெல்லாம்னு நெனைப்பாரு."

"அப்போ என் பேரைப் போட்டுக்கினு கேளுங்க." அவர் போனிலேயே தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. 'நல்ல கேள்வி, கிருஷ்ணப்பிரியா' என்று தொடங்கி மூன்று பத்தி. ஐஸ் உருகி நனைந்த அப்பாவின் சட்டை, அந்தச் சட்டையோடு அவர் பந்தியில் பரிமாறியது, எல்லாம் இருந்தது. நடேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. பெற்ற அப்பனுக்கு 'வெச்சிடவா', முகம் தெரியாத பெண்ணுக்கு மூன்று பத்தியா?

அன்றிலிருந்து பாடத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினார். ஒருமுறை ஆர்வக் கோளாறில், அந்தச் சட்டை ஐஸால் மட்டும் நனையவில்லை, வழியில் மழையும் பெய்தது என்றுகூட எழுதிவிட்டார். போகப்போக நிர்மலின் பாடங்களும் மாறின. எந்தப் பனியாறும் ஆவடியைத் தொடாமல் கடலுக்குப் போவதில்லை. முன்பெல்லாம் கேட்கும் மாணவர்களின் இருமலும் நாற்காலிச் சத்தமும்கூட இப்போது கேட்பதில்லை. பையன் வகுப்பை நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறான் என்று நடேசன் பெருமைப்பட்டார்.

ஒருநாள் பதிலோடு ஒரு கேள்வியும் வந்தது. 'உனக்கு எந்த ஊர்?'

பொய் சொல்லிப் பழகாத கை 'ஆவடி' என்று தட்டிவிட்டது.

'ஆவடியா! என் அப்பா சேக்காட்டில் தனியாக இருக்கிறார். போனில் எதுவுமே சொல்ல மாட்டார். முடிந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறார் என்று எழுதுவாயா?'

நடேசன் எழுந்து போய்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். கேட்ட உதவியைச் செய்ய வேண்டாமா? பிறகு எழுதினார்: 'பார்த்தேன் சார். நலம். வயதுக்கு நல்ல தோற்றம். காபி கொடுத்தார்.'

'சர்க்கரை போட்டா?'

டாக்டர் அவருக்குச் சர்க்கரை கூடாது என்றிருந்தார். 'எனக்கு மட்டும் போட்டார்' என்று சமாளித்தார்.

'என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?'

இதற்குப் பதில் எழுத நடேசனுக்கு வெகுநேரம் ஆனது. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுதினார்: 'உங்களைப் பற்றித்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று சனிக்கிழமையே யோசித்து வைப்பாராம். போனை எடுத்ததும் மறந்துபோகுமாம். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதாம்.'

அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் பெயரில் மனசைச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. 'நன்றி. அப்பாவோடு ஒரு போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புவாயா?'

வேறு வழியில்லாமல் நடேசன் கிருஷ்ணப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த சார் உங்க புள்ளையா? அய்யோ அங்கிள்! என் பேரை வெச்சிக்கினு உங்களை நீங்களே போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" அவள் சிரித்து முடிக்கும்வரை அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். ஆனாலும் நல்ல பெண். சேக்காட்டுக்கு வந்து, சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பினாள்.

ஞாயிறு வந்தது. "அப்பா, வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

நடேசன் போனை மறு காதுக்கு மாற்றினார். "இல்லையே. இங்க யாருப்பா வரப்போறா?"

போனை வைத்த பிறகுதான், போட்டோவில் தான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் கிருஷ்ணப்பிரியாவுக்கு எழுதியிருந்தான்: 'நீ வந்ததையே அப்பா மறந்துவிட்டார். மறதி நோயாக இருக்குமோ? நல்ல டாக்டரிடம் அழைத்துப் போகிறாயா?'

"இன்னாத்துக்கு அங்கிள் இந்தத் தலைவலி? உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "இல்லேன்னா உங்களை ஸ்கேனுக்குக் கூட்டிக்கினு போறதும் என் தலைலதான் வுழும்."

நிர்மல் சிரித்தாலும் திட்டினாலும் நடேசன் தாங்கிக்கொள்வார். ஆனால் அப்பாதான் கேட்கிறார் என்று தெரிந்து, கூச்சப்பட்டு, பாடம் போடுவதையே நிறுத்திவிட்டால்? அப்புறம் அந்த வீட்டில் யார் குரல் கேட்கும்? அதுதான் அவருக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் மத்தியானம் நியூசிலாந்துக்குப் போன் போட்டார். எடுத்தது மருமகள் ஸ்வாதி.

"நிர்மல் இல்லையாம்மா?"

"பாடம் நடத்திட்டிருக்காரு மாமா. கூப்பிடவா?"

"வேணாம், வேணாம். ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்னுதான் பண்ணேன். இருந்தாலும் பாவம், பசங்க படிப்பு கெடக்கூடாது."

ஸ்வாதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எந்தப் பசங்க மாமா? அந்தப் பாடமெல்லாம் எப்பவோ முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. கிருஷ்ணப்பிரியா நீங்கதான்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து, இவரு பெட்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உங்க ஒருத்தருக்குத்தான் நடத்திட்டிருக்காரு."