செத்த திரும்புங்க

திண்டுக்கல்லில் அவரளவுக்கு மற்றவர்களைச் சுவர் பார்க்க வைத்த மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. பேகம்பூர் பக்கம், ஒரு மாடியில் இயங்கிய எங்கள் சிறு மென்பொருள் அலுவலகத்தில் சர்வரைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. கடவுச்சொல்லைத் தட்டும் முன் அறையில் யார் இருந்தாலும் "செத்த திரும்புங்க" என்று சற்று நேரம் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்வார். முதலாளியும் திரும்பத்தான் வேண்டும். தேநீர் கொண்டுவந்தவர் தட்டுடன் சுவரைப் பார்த்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். ஆகவே அவர் 'திரும்புங்க சார்' ஆனார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது.

சர்வர் எங்கோ தொலைவில் இருந்தது. அதை நிர்வகிக்கப் பொத்தான்கள் நிறைந்த அழகிய பக்கம் ஒன்று உண்டு. அதை அவர் மூடிவைத்துவிட்டார். கறுப்புத் திரையில் ஒற்றை வரியாகக் கட்டளையை எழுதுவார், உதடசைய மூன்று முறை படிப்பார், அதன் பிறகே என்டர். ஒருமுறை மேனேஜர் அவசரத்தில் கட்டளையோடு கடவுச்சொல்லையும் அதே வரியில் எழுதிவிட்டார். சாம்பாரில் பல்லியைக் கண்டதுபோல் ஆயிற்று இவர் முகம்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? வரியில எழுதுனா அது அங்கனயே தங்கிரும். பின்னாடி யாரு வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம்!"

"நம்ம ஆபீஸ்ல இருக்கிறதே ஆறு பேருய்யா."

"அம்புட்டுப் பேரு இருக்கம்ல சார்!"

அன்றே கடவுச்சொல் மாறியது. புதியது மேனேஜருக்குச் சொல்லப்படவில்லை.

பிறகொரு நாள் என் கணினியில் பத்து நிமிடம் ஏதோ செய்தார். ஒட்டிய இடமெல்லாம் கையெழுத்திட்ட உறை ஒன்றை என்னிடம் நீட்டி, "நான் சொல்றப்ப பிரிங்கக்கா" என்றார். ராஜினாமாக் கடிதம் என்றே எண்ணினேன். மனம் மாறட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அவருடைய அக்காள் மகளுக்கு எரியோட்டில் காதுகுத்து. தாய்மாமன் மடி இவருடையது. அன்றுதான் நாங்கள் நடத்திவந்த கல்லூரி விண்ணப்பத் தளத்துக்கும் கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணியோடு முடிவு. பதினொன்றரைக்குத் தளம் உறைந்து நின்றது. அவரைப் போனில் அழைத்தோம். மேளச் சத்தமும் குழந்தையின் வீறிடலும் கேட்டன.

"பாஸ்வேர்டைச் சொல்லுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

"போன்ல சொல்ல மாட்டேன் சார். இங்கன சுத்தி நூறு பேரு இருக்காக."

"புள்ளைக படிப்புய்யா! சொல்லலைன்னா நாளைக்கு வேலைக்கே வராத!"

மேளத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "அக்காகிட்ட குடுங்க சார். அக்கா, அந்தக் கவரைப் பிரிங்க."

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தேன். "இப்பப் போயி ராஜினாமாவா தம்பி?"

"யாரு ராஜினாமா பண்ணா? உள்ள இருக்கிறது உங்க பாஸ்வேர்டுக்கா! உங்களுக்குன்னு தனியா போட்டு வச்சிருக்கேன். அதை வச்சு நீங்க சர்வரை நிறுத்தலாம், திரும்பத் தொடங்கலாம், அம்புட்டுத்தான். என்னோடது எதுக்கு?"

உறைக்குள் அந்தச் சொல்லும் இரண்டு கட்டளைகளும் இருந்தன. என் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டினேன். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.

"கீபோர்டு வேலை செய்யல தம்பி."

"செய்யுதுக்கா. பாஸ்வேர்டு அடிக்கிறப்ப ஒண்ணும் காட்டாது. தைரியமா அடிங்க."

ஒவ்வொரு கட்டளையையும் மூன்று முறை படித்துவிட்டே என்டரைத் தொட்டேன்; மேனேஜர் பல்லைக் கடித்தார். தளம் எழுந்தது. காத்திருந்த விண்ணப்பங்கள் பன்னிரண்டுக்குள் வந்து சேர்ந்தன. "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டு மேனேஜர் தம் அறைக்குள் போனார்.

மறுநாள் காலை, திரும்புங்க சார் தேங்காய் பழத்துடன் என் மேசைக்கு வந்தார்.

"அதை மாத்திருங்கக்கா. காகிதத்துல இருந்த சொல்லு ஆகாது. புதுசு என்னன்னு எங்கிட்டயும் சொல்லாதீங்க."

விசைகளின்மேல் விரல்களை வைத்தேன். "செத்த..." என்று நான் தொடங்குவதற்குள் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகட்டி நின்றிருந்தார். அவ்வளவு மரியாதையான முதுகை அதற்குப் பின் நான் எங்கும் கண்டதில்லை.