மைனஸ் அண்ணனின் ஆல்பத்தில் நான் வாசித்தது

சேர்த்துச் சேர்த்துப் பெரிய ஆளானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழித்துக் கழித்தே பெரிய ஆளானவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பெயர் மைனஸ். ஞானஸ்நானத்தின்போது சாமியார் நீளமாக ஏதோ பெயர் வைத்ததாகக் கேள்வி. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலில் பாதியைக் குறைத்து, பிறகு மீதியும் வேண்டாமென்று அவரே விட்டிருப்பார் என்பது என் ஊகம்.

மைனஸ் அண்ணனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கரி ஓடுகிற பெல்ட் அறுந்தால் ஒட்டிச் சேர்க்கிற ஆட்களில் ஒருவர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, கிட்டாரோடு வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டைக் கேட்டால் அதில் என்னென்ன தேவையில்லை என்று விரல் விட்டு எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டீக்கடையில் முதலில் சர்க்கரை வேண்டாம் என்றார். அப்புறம் பால் வேண்டாம் என்றார். பிறகு டிகாக்‌ஷனையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே போனா நாளைக்கு வெறும் கிளாஸக் கேப்பாருங்க. அதுக்கு நான் எப்படிக் காசு வாங்குறது?" என்று கவலைப்பட்டார். கிட்டாரில் ஆறு கம்பி இருக்கும் அல்லவா? அவருடையதில் ஐந்துதான். ஒன்றைக் கழற்றிவிட்டார். அது எப்போதும் குறுக்கே பேசுகிறதாம்.

ஷிஃப்ட் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். முதலில் அதில் டிரைவர் இருந்தார், சாலையோர மரங்கள் இருந்தன, கடைசி சீட்டில் தூங்கும் தொழிலாளி இருந்தார், அவர் மகளின் கல்யாணக் கவலை இருந்தது. கேட்ட எங்களுக்குக் கண் கலங்கியது. மறுவாரம் வந்தால் டிரைவரைக் காணோம். அடுத்த வாரம் மரங்களை வெட்டிவிட்டார். கடைசியில் இரண்டே வரி மிச்சம்.

கடைசி சீட்டுல தூங்குற ஆள
எறங்குற எடத்துல எழுப்பி விடுங்க.

இதையே திரும்பத் திரும்பப் பாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு பொண்ணு கல்யாணம் என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன். "அது கேக்குறவங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஆல்பம் போடப்போவதாக அறிவித்தார். எங்கள் பிளாக் இளைஞர்கள் குதூகலமாகிவிட்டோம். இசைக்கருவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பலாமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். செல்போன் கடை வைத்திருந்த ஒருவர் டிரம் பேடோடு வந்தார். ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் பேஸ் கிட்டார். இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் கீபோர்டு. அப்பா போனஸில் வாங்கிக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான சத்தம் அதில் வரும். அத்தனையையும் ஆல்பத்தில் நுழைத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

மைனஸ் அண்ணன் யாரையும் கடிந்து அனுப்பமாட்டார். புகழ்ந்துதான் அனுப்புவார். டிரம் பேடுக்காரரிடம், நீ வாசித்தால் எனக்கே ஆட வேண்டும்போல இருக்கிறது, ஆடிக்கொண்டே எப்படிப் பாடுவது என்றார். அவர் பூரித்துப்போய்க் கிளம்பினார். தன்னை நீக்கிவிட்டார்கள் என்பது கடையைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. புல்லாங்குழல், காற்று நன்றாக வருகிறது என்று பாராட்டப்பட்டு வீட்டுக்குப் போனது. பேஸ் கிட்டார்காரர் விவரமானவர். அண்ணன் சிரித்துக்கொண்டே நெருங்குவதைப் பார்த்ததும் தானே வயரைச் சுருட்டிவிட்டார்.

மிஞ்சியது நான். என்னை மட்டும் தவணை முறையில் கழித்தார். இரண்டு கையால் வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு கை போதும் என்றார். பிறகு ஒரு விரல். பிறகு ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு சுரம், அதுவும் கடைசியில். முழுப் பாட்டும் விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். சுரம் வரும் நேரத்தில் விரல் மரத்துப்போயிருக்கும். அப்புறம் கீபோர்டையே மூடச் சொல்லிவிட்டு, சும்மா கை தட்டு என்றார். கீபோர்டு போய்விட்டாலும் அவர் என்னைக் கூப்பிட்டது என்னவோ "கீபோர்டு" என்றுதான்.

இந்த மனிதர் ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன். பெல்ட் பக்கத்தில் நாள் முழுக்க நின்றால் உனக்கும் காது ஓய்வு கேட்கும் என்றார் ஒருநாள். அது நியாயமாகப் பட்டது. ஆனால் இன்னொரு நாள், எல்லாரையும் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போக வண்டி இல்லை என்றார். வேறொரு நாள் என் கேள்வியே நீளம் என்று குறைத்துக் கேட்கச் சொன்னார். "ஏண்ணே?" என்று கேட்டேன். பதிலையும் குறைத்துவிட்டார்.

எங்கே பதிவு செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினை. கடலூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய அறை. உள்ளே போய் ஒருமுறை இருமிப் பார்த்தார். வெளியே வந்துவிட்டார். "சுவரு வாயத் தொறக்கல கீபோர்டு" என்றார். வீட்டு ஹாலிலேயே பாடுவது என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து, சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருந்த அவர் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது.

டவுன்ஷிப்பில் ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா குள்ளஞ்சாவடி கடைத்தெருவை ஒட்டி வீடு கட்டியிருந்தார். வாசலில் நின்றால் வடலூர் பஸ் காதுக்குள் வந்து ஹார்ன் அடிக்கும். அங்கே கிட்டார் பெட்டியைத் திறப்பதே வீண். ஆக, சாவியை ஒப்படைக்க வேண்டிய திங்கட்கிழமைக்குள் ஆல்பம் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் இத்தனை வருடப் பாட்டும் பலாமரத்தடியோடு போய்விடும். எப்போதும் நிதானமாக இருக்கிற மனிதர் அந்த வாரம் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

சாமான்கள் ஒவ்வொன்றாக லாரி ஏறின. குடும்பமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, மைனஸ் அண்ணன் முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. சோபா போனதும் ஹாலின் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டி, காதைச் சாய்த்து எதிரொலியைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பீரோ போனதும் மறுபடி தட்டினார். இன்னும் நன்றாக இருந்ததாம். நாளைக்குப் போக வேண்டிய கட்டிலை இன்றைக்கே அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார். அவர் அம்மா காடாம்புலியூர்க்காரர், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார். "வூட்டுல இருக்கிற சாமானெல்லாம் உனக்கு இன்னாடா பண்ணுச்சு? பெத்தவங்களையும் லாரியில ஏத்திட்டுத் தனியாக் குந்திக்கினு பாடேன்" என்றார். அண்ணன் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை, யோசனையாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெற்றோரையும் குள்ளஞ்சாவடிக்கு அனுப்பிவைப்பதாக ஏற்பாடு செய்துவிட்டார்.

அதற்குமுன் ஒரு ஒத்திகை. ஹாலில் ஃபேனை நிறுத்தினார். வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். எங்கள் ஊர் கரண்ட் தயாரிக்கிற ஊர். தமிழ்நாடே பவர்கட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அந்த வருடங்களிலும் எங்கள் வீடுகளில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியூர் போகிறவர்களே ஃபேனை ஓடவிட்டுத்தான் போவார்கள். ஒரு வீட்டில் ஆளும் இருந்து, ஃபேனும் நின்றிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பிளாஸ்க் நிறையக் காபியோடு வந்துவிட்டார். அண்ணனின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று மெதுவாகக் கேட்டார். "யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. புள்ள பாடிக்கினு இருக்கான்" என்றார் அம்மா. வந்தவர் அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலி வீட்டில் நானும் அவரும் மட்டும். என் லேப்டாப் இரைகிறது என்று அதை நீள வயர் போட்டுச் சமையலறைக்குத் துரத்தினார். ஹாலில் ஒரு மைக், ஒரு கிட்டார், என் இரண்டு கைகள். முதல் பாட்டு முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"கைதட்டு ரொம்ப சுத்தமா இருக்கு கீபோர்டு."

"வேணாமாண்ணே?"

"வேணாம்."

கீபோர்டு போனபோது பொறுத்துக்கொண்டேன். கை தட்டக்கூட லாயக்கில்லை என்றால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகை வந்தது, மறைப்பானேன். லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டது ரோஷத்தில் இல்லை, மறதியில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. காலையிலிருந்து ஒரு பாட்டும் வரவில்லை என்றார். சுவர் எல்லாம் சரியாக இருக்கிறதாம், கிட்டார் சரியாக இருக்கிறதாம், தொண்டையும் சரியாகத்தான் இருக்கிறதாம். வாயைத் திறந்தால் பாட்டு மட்டும் இல்லை. நாளைக் காலை சாவியைக் கொடுத்தாக வேண்டும். நான் முறைப்பாகவே நின்றேன்.

"கைதட்டணுமாண்ணே?"

"வேணாம். வந்து எதிர்ல உக்காரு."

"எதுக்கு?"

சைக்கிள் ஹேண்டில்பாரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "நான் பாடுறதெல்லாம் ஒரு ஆளுகிட்ட சொல்றதுதான் கீபோர்டு. கூட்டமா வாசிச்சா யார்கிட்ட சொல்றேன்னே தெரியல, அதான் ஒவ்வொருத்தரா அனுப்புனேன். நேத்து தெரியாம அந்த ஒரு ஆளையும் அனுப்பிட்டேன்."

இத்தனை நாள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

மொசைக் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார். பெல்ட் பக்கிள் சத்தம் போடும், கழற்று என்றார். மூச்சை மெதுவாக விடு என்றார். ஃபேன் ஓடாத வெயில்காலத்து ஹாலில் வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கக்கூடாது என்று கண்ணாலேயே சொன்னார். பாடத் தொடங்கினார். ஒரு பாட்டின் நடுவில் பின்பக்கத்து மயில் ஒன்று அலறியது. அதையும் கழிக்கலாமா என்று ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தொடர்ந்து பாடினார். ஷிஃப்ட் பஸ் பாட்டு வந்தபோது அவர் என்னைப் பார்த்தே பாடினார். கடைசி சீட்டில் தூங்குவது நான்தான் என்றும், இறங்குமிடம் வரப்போகிறது என்றும் எனக்குத் தோன்றியது. அந்த ஆளின் மகளுடைய கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது என்றும் ஏனோ தெரிந்துபோனது. இருட்டுவதற்குள் எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது.

மறுநாள் சாவி கைமாறியது. கொஞ்சநாளில் ஆல்பம் இணையத்தில் ஏறியது. சி.டி.யும் சில பிரதிகள் போட்டார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று விசாரித்தார். எங்கள் அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனஸில் வாங்கிய கீபோர்டு எந்தப் பாட்டில் வருகிறது என்று தேடியிருக்கிறார். அட்டையில் நின்றுபோன ஃபேனின் படம். பின்புறம் இரண்டு வரி: பாட்டு, கிட்டார் - மைனஸ். உடன் இருந்தது - கீபோர்டு.

எனக்கு அப்புறம் சென்னையில் வேலை கிடைத்தது. மைனஸ் அண்ணன் குள்ளஞ்சாவடியிலிருந்து இன்றும் பெல்ட் ஒட்டப் போய்வருகிறார். எப்போதாவது போன் செய்வார், ஹலோ சொல்லமாட்டார். போன வாரம் அழைத்தார். அடுத்த ஆல்பம் தயார் என்றார். ஊருக்கு வெளியே ஒரு முந்திரிக் கொட்டகை கிடைத்திருக்கிறதாம், சுவர் நன்றாகப் பேசுகிறதாம். இந்தமுறை கிட்டாரும் கிடையாது, வெறும் குரல்தான் என்றார். "அப்ப ஒரு ஆளுதானாண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு. உனக்கு எப்ப லீவு?"

ஆபீஸில் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கச்சேரி என்று போட்டிருந்ததைப் பார்த்து மேனேஜருக்கு ஆச்சரியம். "நீங்க என்ன வாசிப்பீங்க?" என்றார்.

உட்கார்ந்திருப்பேன் சார் என்றேன்.