கங்கையின் குரலும் ஓர் ஐஸ் குச்சியும்

மேச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆறு மாதமாக ஒரே பேச்சு. குமரகுருவின் பெட்டி பாடுகிறதாம்! பூமிக்கடியில் ஓடும் கங்கையே பெட்டிக்குள் வந்து குரல் கொடுக்கிறாளாம். காசியிலிருந்து மேச்சேரி வரை மண்ணுக்கடியில் நடந்து வந்தவளுக்குக் களைப்பே இல்லை போலிருக்கிறது.

குமரகுருவின் தொழில் நீரோட்டம் பார்ப்பது. முன்பு உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தவர். தேங்காய்க்கு மவுசு குறைந்ததும் பெட்டிக்கு மாறிவிட்டார். தகரப் பெட்டி, மேலே ஒரு சின்ன விளக்கு, தூக்க ஒரு கைப்பிடி. விளக்கு எரிந்தால் தண்ணீர் இல்லை. கங்கையைக் கண்டால் விளக்கு தானாக அணைந்து, உள்ளேயிருந்து 'கீய்ங்...' என்று குரல் எழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். போர் போட ஒரு பாயிண்ட், அதாவது ஓர் இடம், குறித்துக் கொடுக்கக் கூலி ஒரு மேச்சேரி ஆட்டுக் கிடா.

இதில் ஒரு விசேஷம் உண்டு. பெட்டி பாடிய இடமெல்லாம் டிரான்ஸ்பார்மருக்கு அடியில், பள்ளிக்கூடத்துக்கு அடியில், சம்பந்தி வீட்டு மாடிப்படிக்கு அடியில். அங்கெல்லாம் யார் போர் போடுவது? போடாமல், தண்ணீர் இல்லை என்று யார் சொல்வது? கிடா மட்டும் ஒழுங்காகக் கைமாறியது.

முத்தாயம்மாளிடம்தான் சிக்கிக்கொண்டார். பெட்டி அந்த அம்மாளின் சமையலறை அடுப்புக்கு நேராகப் பாடிவிட்டது. ஏற்கெனவே தோட்டத்தில் இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் பறந்தது. புருஷன் இல்லை. மிச்சம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

"ஊட்டை இடிச்சாத்தான் தண்ணின்னா இடிச்சுப்போடுங்க" என்று முத்தாயம்மாள் சொன்னதும் குமரகுரு இரண்டடி பின்வாங்கினார். இதுவரை யாரும் அவர் பேச்சைக் கேட்டு இடித்ததில்லையே!

கடப்பாரையோடு நாலு பேர் வந்து, சுவரில் முதல் ஓட்டையும் போட்டுவிட்டார்கள். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி வாசலில் நின்றது. அதன் டிரைவர் மாதேஸ்வரனுக்குத் தனியாக ஒரு தலைவலி. ரேடியோவை அணைத்தால் போதும், கேபினுக்குள் ஏதோ கத்துகிறது. அதைச் சரிபார்க்க லாரி எலெக்ட்ரீஷியன் தேவிப்ரியாவைக் கூடவே அழைத்து வந்திருந்தார்.

அவள் கேபினில் வேலையாக இருந்தபோது, சமையலறையில் பெட்டி இன்னொரு முறை பாடியது. 'கீய்ங்...'

தேவிப்ரியா காதைத் தீட்டிக்கொண்டாள். "மாதேஸ்வரண்ணா, அந்த ரேடியோவை ஒருக்கா அணைங்க."

அணைத்தார். கேபினுக்குள்ளும் அதே 'கீய்ங்...'.

"ஐயோ, லாரிக்குள்ளயும் கங்கை வந்துட்டாளே!" என்று பக்கத்துத் தோட்டத்து ரங்கன் டயரைத் தொட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் டயருக்குக் கொளுத்தக் கற்பூரம் தேடினார். யோசிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள்.

"ஏனுங்க, கும்புடறதுக்கு முன்னால இதைப் பாருங்க" என்று மூடி கழற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள் தேவிப்ரியா. "லாரி பேட்டரி இருபத்துநாலு வோல்ட்டுங்க. ரேடியோவுக்குப் பன்னெண்டு போதும். அதை எறக்கிக் குடுக்கறது இந்தப் பெட்டி. ரேடியோ பாடுனா இதுக்கு வேலை இருக்குது, சத்தம் காட்டாது. ரேடியோவை அணைச்சா வேலை இல்லீங்க, விட்டு விட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்புல ஏதோ ஒண்ணு நடுங்கிக் கத்துது. எதுன்னு ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஓர் ஐஸ் குச்சியை எடுத்தாள். உள்ளே இருந்த செம்புக்கம்பிச் சுருளை அழுத்தினாள். கத்தல் நின்றது. எடுத்தாள். கத்தியது. மறுபடி அழுத்தினாள். கங்கை கப்சிப்!

"உங்க பெட்டியும் விளக்கு அணைஞ்சு வேலை இல்லாதப்பத்தானுங்களே கத்துது? இப்ப அதைத் தொறங்க பாக்கலாம்."

"பொம்பள கை பட்டாக் கங்கை கோவிச்சுக்குவா!" என்று, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த குமரகுரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கங்கையே பொம்பளதானுங்களே?" என்று கேட்ட முத்தாயம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

கைப்பிடியைப் பிடித்ததுமே கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அழுத்தினார். விளக்கு அணைந்தது. 'கீய்ங்...' ஆட்டுப்பட்டியில் நின்று அழுத்தினார். 'கீய்ங்...' ஒரு வருடமாகக் காய்ந்து கிடக்கும் தொட்டிக்குள் இறங்கி அழுத்தினார். 'கீய்ங்...' கடைசியில் குமரகுருவின் தலைமேல் பெட்டியை வைத்து அழுத்தினார். இன்னும் கணீரென்று பாடியது.

"மாதேஸ்வரா, இங்கதான் பாயிண்ட்டு! ரிக்கைக் கொண்டா சாமி, ஆயிரம் அடி ஓட்டிப்புடலாம்!"

குமரகுரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அவர் வேனில் கட்டியிருந்த கிடாக்கள் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தின. தேவிப்ரியா லாரிப் பெட்டியின் சுருளில் பசை வைத்து ஒட்டினாள். கேபின் அமைதியானது.

முத்தாயம்மாளின் வீடு நிற்கிறது. தண்ணீருக்கு இன்னும் டேங்கர்தான். சுவரில் விழுந்த கடப்பாரை ஓட்டையை மட்டும் அவர் அடைக்க விடுவதில்லை. "நான் எத்தாப் பெரிய முட்டாளா இருந்தேன்னு தெனமும் பாக்கோணும்" என்கிறார். ரங்கன்தான் இன்றும் ரிக் லாரியைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறார்.

வேலை கொடுக்காத பெட்டி கத்தும். வேலை கொடுக்காத மூளை கும்பிடும். பெட்டிக்கு ஓர் ஐஸ் குச்சி போதும். மூளைக்கு அவரவர்தான் வேலை கொடுக்க வேண்டும்.