ஆறாவது தபாவுக்கு இருபது ரூபாய்

ஒரு வங்கி வேதகிரிக்கு இருபது ரூபாய் கடன்பட்டிருந்தது. வங்கி அப்படி நினைக்கவில்லை. கடன்பட்டவன் என்றைக்கு அதை ஒத்துக்கொண்டிருக்கிறான்?

வாசகரே, உலகத்தில் பிடித்தம் பார்க்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் இவர்கள் தலையைச் சொறிவார்கள். அதில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டால் தேதி, கிழமை, பைசா சுத்தமாக ஒப்பிப்பார்கள். கல்யாணத்துக்கு நகை வாங்கப் போனால் சேதாரத்தைத்தான் பார்ப்பார்கள், நகையைப் பார்க்க மாட்டார்கள். இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூட்டை தூக்கி, மண்டி வைத்து, இரண்டு மாடி கட்டியவன். வங்கி இதுவரை எவ்வளவு பிடித்தது என்று கேட்டால் தெரியாது. அதனால்தான் மாடி கட்ட நேரம் கிடைத்தது.

உத்திரமேரூர் வேதகிரி படித்தவர். யூனியன் ஆபீசில் முப்பது வருஷம் ரெக்கார்டு கிளார்க். ரிட்டயரான பிறகு ஏரிக்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல்லும், கையில் ஒரு ஏ.டி.எம். கார்டும். நெல்லை விடக் கார்டைத்தான் அதிகம் கவனித்தார். பாஸ்புக்கைப் பாலித்தீன் உறையில் போட்டு, உறையை மஞ்சள் பைக்குள் போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால், பார்க்கிறவர்கள் ஏதோ கோர்ட்டுக் கேஸ் என்று வழிவிடுவார்கள். மிஷின் தருகிற சீட்டில் எழுத்து சீக்கிரம் அழிந்துபோகிறது அல்லவா? அதனால் ஒவ்வொரு சீட்டையும் ஒரு ரூபாய் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வைப்பார். பிடித்தம் ஏதும் இல்லை என்பதற்கான அத்தாட்சிக்கு மாசம் பத்து ரூபாய் செலவு. இதைச் சொன்னால் கோபம் வரும்.

"காசு முக்கியமில்ல. நியாயம் முக்கியம்" என்பார்.

கவனியுங்கள். காசு முக்கியமில்லை என்று ஒருவர் சொன்னால், பேச்சு காசைப் பற்றியதுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு புது விதி வந்தது. வேறு வங்கியின் மிஷினில் மாசத்துக்கு ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் முறைக்கு இருபது ரூபாய். வேதகிரியின் வங்கிக்கு ஊரில் கிளை உண்டு, மிஷின் இல்லை. இருந்த ஒரே மிஷின் வேறு வங்கியினுடையது. நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? தேவைக்கு இரண்டு முறை எடுப்போம். வேதகிரி யோசித்தார். ஐந்து இலவசத்தில் மூன்றை வீணாக்கினால் அது மூவிருபது அறுபது ரூபாயை வங்கிக்குத் தானம் பண்ணுவது ஆகாதா? ஆகவே தேவை இருக்கோ இல்லையோ நூறு நூறாக எடுத்து, மறுநாள் கிளையில் வரிசையில் நின்று, அதே நூறைத் திரும்பக் கட்டி வந்தார். மீதி நேரத்தில் மிஷின் வாசலில் நின்று, கார்டோடு வருகிறவர்களை விசாரிப்பார்.

"இது எத்தினாவது தபா? எண்ணிக்கினு வரியா? அஞ்சு தாண்டினா அறுத்துடுவான்!"

நவம்பரில் விபத்து நடந்தது. மிஷின் ஒருமுறை உறுமியது, முனகியது, பணம் தராமல் சீட்டை மட்டும் துப்பியது. வேதகிரி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வங்கி சேர்த்துவிட்டது. அவருக்கு ஐந்தாவது, வங்கிக்கு ஆறாவது. பாஸ்புக்கில் இருபது ரூபாய் பிடித்தம் விழுந்தது.

கிளைக்குப் போனார். ஜெராக்ஸ்களை மேனேஜர் மேஜைமேல் சீட்டாட்டம் போலப் பரப்பினார்.

"மிஷின்ல காசு வரலன்னா யார் மேல சார் தப்பு? வந்து நின்னவன் மேலயா, மிஷின் வெச்சிக்கினு கீறவன் மேலயா? கணக்கு காட்டாதவன சபையில சேர்க்கக் கூடாதுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலயே கல்லுல வெட்டுன ஊர் சார் இது! பிடிக்கறத முன்கூட்டியே சொல்ல வேணாமா?"

மேனேஜர் நல்ல மனிதர். பின்னால் நகைக்கடனுக்கு நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தார். தன் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து நீட்டினார்.

"உங்க காசு எனக்கு எதுக்கு? பிடிச்சது பேங்க். பேங்க் வழியாத்தான் வரணும்."

வாங்கியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் பிடித்தம் பார்க்கிறவருக்குப் பிடித்தது திரும்பி வருவதில் என்ன சுகம்? வராமல் இருப்பதில்தான் சுகம். காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி இரண்டு முறை பெரிய அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஒரு சபதம் செய்தார். இருபது ரூபாய் வருகிற வரைக்கும் அந்தக் கணக்கில் கை வைப்பதில்லை. மிஷினிலும் இல்லை, கவுண்டரிலும் இல்லை. எடுத்தால் பிடித்தத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே!

சபதம் நல்ல சபதம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் அவர் நிலத்தில் களையெடுப்பு முடிந்திருந்தது.

கோவிந்தம்மாளையும் சேர்த்து ஏழு பெண்கள், இரண்டு நாள், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு எழுபது ரூபாய். மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது. கூட்டி வந்தவள் கோவிந்தம்மாள். கூலி வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். ஆறு பேர் சாயங்காலமானால் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குடிசையோ மூன்று இடத்தில் ஒழுகியது. உபைதுல்லா பாய் கடையில் நீலத் தார்ப்பாய் தொங்கியது. பழைய பாக்கி இருந்ததால் பாயிடம் புதிதாகக் கடன் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் வந்தாள். "பேங்க்ல ஒரு பிரச்சன கீதும்மா" என்றார். இரண்டாம் நாள் பிரச்சனை என்ன என்று விளக்கினார். மூன்றாம் நாள் ஜெராக்ஸ்களைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது; அதனால் முழுதும் வாசித்தே காட்டினார். நாலாம் நாள் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்; பணம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் வாசற்படி ஏறாமல் தெருவிலேயே நின்றாள்.

"சார், இன்னியோட அஞ்சு தபா வந்துட்டேன். அஞ்சும் ஃப்ரீ. நாளைக்கி வந்தா தபாவுக்கு இருபது ரூபா."

"இன்னாம்மா இது, புதுசா கீது?"

"நீதான சார் மிஷினாண்ட நின்னுக்கினு போறவன் வரவன்கிட்டல்லாம் சொல்லிக்கினு கீற? ஊருக்கே தெரியும்."

வேதகிரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் பாடத்தை ஒருத்தி இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில் உள்ளுக்குள் பெருமை வேறு.

"பாத்தியா, முன்கூட்டியே சொல்ற! பேங்க்காரனுக்கு இல்லாத நேர்மை உனுக்கு கீது" என்றார்.

உள்ளே அவர் மனைவி ஆண்டாளம்மாள், பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் ஐந்தாவது புள்ளியை வைத்தாள். அவள் எதற்கும் குரல் உயர்த்துகிறவள் இல்லை. புள்ளிதான் வைப்பாள்.

ஆறாம் நாள், ஏழாம் நாள். எட்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறாக, கோவிந்தம்மாள் வந்து நின்றாள்.

"ஆயிரத்து நாப்பது சார்."

"தொள்ளாயிரத்து எம்பதும்மா!"

"அது கூலி. மேல மூணு தபா. அறுவது."

வேதகிரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பிடித்தம் அவர் வாசலுக்கே நடந்து வந்திருக்கிறது!

"காசு வராத தபா ஒரு தபாவா? இதத்தானம்மா நான் மேனேஜர்கிட்ட தொண்ட கிழிய கத்திக்கினு கீறேன்!"

"சரி சார். காசு வரலன்னா யாரு மேல தப்பு? வந்து நின்னவ மேலயா, மிஷின் வெச்சிக்கினு கீறவன் மேலயா?"

பழக்கம் பொல்லாதது. விரல் தானாக உயர்ந்தது; குரல் தானாகக் கிளம்பியது.

"மிஷின் வெச்சிக்கினு கீறவன் மேலதான்! சும்மா சும்மா நடக்க வெச்சதுக்கு அவன்தான் நஷ்டஈடு குடுக்கணும்!"

"குடு சார்."

"நான் இன்னா மிஷினா?"

"பின்ன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆண்டாளம்மாள் காலண்டரோடு வெளியே வந்தாள். "எட்டு தபா வந்து நின்னுச்சி. உறுமினீங்க, முனகினீங்க, சீட்டக் காட்டினீங்க. காசு வந்துச்சா?"

வேதகிரி புள்ளிகளை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். எட்டு. ஜெராக்ஸ் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பேனாவில் வைத்த புள்ளி அழியாது. குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். கிளையில் அந்நேரம் கல்லா மூடியாகிவிட்டது; மிஷின்தான் கதி. ஏரிக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனசுக்குள் பதினோரு வாதம் கட்டினார். பதினொன்றும் வங்கிக்கு எதிராக நன்றாக நின்றன. பின்னால் சாக்கு போட்டுக்கொண்டு வருகிறவளுக்கு எதிராக ஒன்றுகூட நிற்கவில்லை.

மிஷின் முன்னால் கார்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மாசம் இன்னும் முடியவில்லை. இப்போது எடுப்பது அவர் கணக்குப்படியே ஆறாவது. இன்னோர் இருபது. அதற்கு எந்த மேனேஜரிடமும் சண்டை போட முடியாது. ஈரச் சாக்கிலிருந்து அவர் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார்டைச் செருகினார்.

ஆயிரத்து நூறு வந்தது. சில்லறைக்குப் பாய் கடைக்குப் போனார்கள்.

"இன்னா வேதகிரி சார், சபதம் முடிஞ்சிடுச்சா? பேங்க்ல காசு வந்துட்சா?" என்றார் உபைதுல்லா.

"அது வரும் பாய். நீங்க சில்லற குடுங்க."

வாசகரே, இதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்திருப்பீர்கள். வங்கி பிடித்தது இருபது, இன்றைக்கு இன்னோர் இருபது, கோவிந்தம்மாளுக்கு அறுபது, ஜெராக்ஸ், காஞ்சிபுரம் பஸ் என்று வேதகிரிக்கு மொத்தம் எவ்வளவு நஷ்டம் என்று விரலை மடக்கிக் கூட்டியிருப்பீர்கள். கூட்டவில்லை என்று சொல்லாதீர்கள். இரண்டு மாடி கட்டினவனுக்கு ஆள் தெரியும். அவர் நஷ்டத்தைக் கூட்டின சூட்டோடு, அந்த ஏழு பேருக்கு எட்டு நாள் என்ன நஷ்டம் என்று கூட்டினீர்களா? இல்லையல்லவா? அப்படியானால் எழுந்து போய் உங்கள் வாசல் கதவைத் திறந்து பாருங்கள். யாராவது நின்றுகொண்டிருந்தால், எத்தனாவது தபா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கோவிந்தம்மாள் தலைச் சாக்கை இறக்கிவைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். வேதகிரி எச்சில் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து நூறு. அதன்மேல் ஓர் இருபது. கை மடங்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தாள். இன்னோர் இருபதையும் வைத்தார்.