எட்டுக்கு ஒன்று

புகார் கொடுத்தவன் யாரென்று மட்டும் தெரியட்டும், அவன் வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கேட்கும்படி ஒரு மணி நேரம் கத்தாமல் விடமாட்டேன் என்று அன்று காலை பல் துலக்கும்போதே உரக்கச் சபதம் செய்தேன். வாயில் நுரை. அது பற்பசை நுரையா கோப நுரையா என்று எனக்கே தெரியவில்லை.

காரணம், நகராட்சி அனுப்பிய நோட்டீஸ். கார் ஏறுவதற்காக என் வீட்டு வாசலில் போட்டிருக்கும் சிமென்டுச் சரிவு விதிமுறைக்குப் பொருந்தவில்லையாம். முப்பது நாளில் இடித்துவிட்டு ஒழுங்காகக் கட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களே வந்து இடிப்பார்களாம், இடித்த கூலியை நான் தர வேண்டுமாம். என் முதுகில் விழப்போகிற பிரம்பை நானே கடைக்குப் போய் வாங்கிவர வேண்டும் என்கிற மாதிரி.

நான் பழைய இரும்பு வியாபாரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மிச்சப் படிப்பெல்லாம் தராசுக்கு முன்னால்தான். இருபது பேர் என்னை ஏமாற்றினார்கள். இருபத்தோராவது ஆள் வந்தபோது நான் தயாராக இருந்தேன். அன்றிலிருந்து எவன் எதைச் சொன்னாலும் பாதியில்தான் தொடங்குவேன். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஐந்து நாளோடு நிறுத்துவேன். கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமனார். பேரம் பேசி மூன்று மாதத்தில் முடித்தேன். அந்த அவசரத்தின் பலனை இருபத்திரண்டு வருடமாக அனுபவித்துவருகிறேன்.

இந்தச் சரிவும் பேரத்தில் பிறந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டுத் தளம் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம். அப்படியானால் என் தளம் இரண்டடி. அதில் பேச்சே கிடையாது. கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டடி ஏறணும்னா பதினாறு அடிக்குச் சரிவு விடணும் முதலாளி. இல்லேன்னா கார் மூக்கால ஏறும்."

"எட்டடி," என்றேன்.

"அய்யோ, பன்னிரண்டாவது விடுங்க."

நாலடியில் முடித்தேன். அதையும் கேட்டுக்கு வெளியே, நடைபாதைமேல் போடச் சொன்னேன். உள்ளே என் சொந்த இடம் ஓர் அங்குலம் வீணாகக் கூடாது. கொத்தனார் வேலை முடிகிறவரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். என் சாமர்த்தியத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, உறுதியான சரிவு. கார் ஏறும்போது கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். பிறகு அடிவயிறு உரசி ஒரு சத்தம் வரும். பிறகு வீடு தெரியும். நடைபாதையில் வருகிறவர்கள் என் வாசலில் ரோட்டுக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு, மறுபடி ஏறிப் போவார்கள். நாலு எட்டு நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே. இதற்கா ஒருவன் புகார் கொடுப்பான்?

நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனைவி அங்கே ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தையல் தொழில் பன்னிரண்டு வருடமாக அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் நடுவில்தான் நடக்கிறது. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசுவாள். அப்படிப் பேசும்போது எதிர்த்துப் பேச எனக்குக் கொஞ்சம் பயம்.

"என்னங்க போட்டிருக்கு?"

"எட்டுக்கு ஒன்னாம். ஒரு அடி ஏறணும்னா எட்டடி நீளம் வேணுமாம். அகலம் பத்தடிக்கு மேல கூடாதாம். நம்மது பதினாலு. நடைபாதைமேல ஒரு அங்குலம்கூட வரக்கூடாதாம். சாக்கடையை மூடாம, கழட்டி மாட்டற மாதிரி இரும்புக் கம்பி மூடி போடணுமாம்."

"நியாயமாத்தானே இருக்கு."

"நீ எந்தப் பக்கம்?"

"நானா? சமையலறைப் பக்கம். பன்னிரண்டு வருஷமா இங்கதானே கிடக்கேன்."

"பேச்சை மாத்தாதே."

"நான் மாத்தலை. தைக்கக் குடுக்கிற முட்டிவலிக்கார அம்மா நேத்தும் மேல ஏற முடியாம கீழேயே நின்னாங்க. நடுரோட்டுல வச்சு அளவெடுத்தேன். கையைத் தூக்குங்கன்னேன். தூக்கினாங்க. அந்தக் கையைப் பார்த்துட்டு ஒரு பஸ் நின்னுடுச்சு."

"வாத்தியார்தான்," என்றேன்.

"பஸ்ஸை நிறுத்தினதா?"

"புகார் கொடுத்தது. அவரைவிட அரை அடி உசரத்துல இருக்கேன்னு வயிற்றெரிச்சல்."

உடனே போய் மதில்மேல் தலையை நீட்டினேன். வாத்தியார் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், மனசுல இருக்கிறதை நேர்ல சொல்லணும். முதுகுக்குப் பின்னால எழுதிப் போடக் கூடாது."

"நேர்லயே சொல்றேனே. உங்க சரிவு ரெண்டுக்கு ஒன்னு. அது சரிவு இல்லைங்க, சுவர். கொஞ்சம் சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப நீங்கதான்."

"நான் எழுதியிருந்தா கணக்கோட எழுதியிருப்பேன். நோட்டீஸ்ல கணக்கு இருக்கா?"

இருந்தது. அங்குலம் அங்குலமாக இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் ஆதாரம் கையில் கிடைக்கட்டும் என்று சபதத்தைத் தள்ளிவைத்தேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் நகராட்சிப் பொறியாளர் வந்தார். பெரிய ஆளாக எதிர்பார்த்தேன். என் தோளுயரத்தில் ஒரு சின்னப் பெண். ஒரு கையில் ரசமட்டம், இன்னொரு கையில் டேப். சரிவின்மேல் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓட்டமாக ஓடி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தக் குமிழிமேலும் கோபம் வந்தது.

"எட்டுக்கு ஒன்னு வேணும்ங்க," என்றார்.

"நாலுக்கு ஒன்னு வச்சுக்குங்கம்மா."

"இல்லைங்க, எட்டு."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆறு."

"ஐயா, இது சரிவு. தண்ணி ஓடற வேகம், வண்டி உருள்ற வேகம் எல்லாம் பார்த்துப் போட்ட கணக்கு. நான் குறைச்சாலும் தண்ணி குறைக்காது."

இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. முகத்தில் சலனமே இல்லை. பேரத்துக்கு லாயக்கில்லாத முகம்.

கேட்டுக்கு உள்ளே என் வாசல் இருபதடி ஆழம், இருபத்திரண்டு அடி அகலம். அதை அளந்துவிட்டு அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார்.

"உள்தளத்தை வெட்டி அரை அடி உயரத்துக்கு இறக்கிடுங்க. நாலடி சரிவு போதும். மிச்சம் பதினாறு அடி சமதளம். கார் சுகமா நிக்கும்."

நல்ல வழிதான். ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அது நடக்காதும்மா. வாத்தியார் வீட்டைவிட ஒரு அடி தாழ்வாப் போக இவர் சம்மதிக்க மாட்டார்."

எவ்வளவு சரியாக என்னைப் புரிந்துவைத்திருக்கிறாள். "செத்தாலும் இறக்க மாட்டேன்," என்றேன்.

"அப்ப ரெண்டடிக்குப் பதினாறு அடிச் சரிவு. மிச்சம் நாலடி. கார் எங்க நிக்கும்?"

"சரிவுலேயே நிக்கும். சக்கரத்துக்கு ஒரு கல்லு வைப்பேன்."

"சமதளம் இல்லாத இடத்துல வண்டி நிறுத்த அனுமதி இல்லைங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. இறங்கும்போதே ஒரு திட்டம் ஏறியது. தெருவில் ஒன்பது வீடு. ஒன்பது வாசலையும் அளந்து, ஒன்பதும் தப்பு என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால்? ஒன்பது பேரை எவன் இடிப்பான்? கும்பலாகத் தப்புச் செய்தால் அதற்கு விதிவிலக்கு என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை மனைவி கையில். அவளுடைய தையல் நோட்டில் அவளே குறித்துக்கொண்டு வந்தாள். நான் அளவைச் சொல்லும்போது பல்லைக் கடித்துச் சொன்னேன். ஏனென்றால் எந்த வாசலும் தப்பாக இல்லை. கோடிவீட்டுப் பால்காரர் எட்டரைக்கு ஒன்று. மருந்துக்கடைக்காரர் ஒன்பதுக்கு ஒன்று. வாத்தியார் வாசலில் டேப்பை வைத்தபோது அவர் கதவைத் திறந்து நின்றார்.

"பன்னிரண்டு அடி," என்றார். "கஷ்டப்படாதீங்க. ஒன்றரையை எட்டால பெருக்குங்க."

இருந்தாலும் நான் விடவில்லை. அலுவலகத்தில் கத்துகிற கத்தலில் எண்களை யார் பார்க்கப் போகிறார்கள்? மனைவி அழகாக எழுதிக் கொடுத்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கோபமாக இருக்கும்போது நான் எதையும் படிப்பதில்லை. ஆக, எப்போதும் படிப்பதில்லை.

பொறியாளர் தாளை இரண்டு முறை வாசித்தார்.

"ரொம்ப நன்றிங்க. எங்க ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா அளந்ததில்லை."

"பார்த்தீங்கல்ல? எல்லாம் தப்பு."

"இல்லைங்களே. 'மற்ற எட்டு வீடும் விதிப்படி உள்ளன, என் வீடு மட்டும் விதிமீறி உள்ளது, உடனே சரிசெய்கிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து குதித்தேன். மனைவி நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதின நீ?"

"அளந்ததை எழுதினேன். பொய்யா எழுதச் சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். நாற்காலியில் விழுந்தேன். அப்போதுதான் அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்தாள்.

"காரும் நிக்க முடியாது. அந்த இடம் சும்மாதானே கிடக்கப்போகுது. முன்வாசல் முழுசையும் எனக்குக் குடுத்துடுங்க. தையல் அறை கட்டிக்கிறேன்."

"முழுசா?" இடிந்து கிடந்தவனுக்கு உயிர் வந்தது. நகராட்சியிடம்தான் முடியவில்லை. இது என் மைதானம். "இருபத்திரண்டு அடியையும் குடுத்துட்டு நான் வீட்டுக்குள்ள எப்படி வர்றது? பறந்தா? பாதி. பதினொன்னு."

"சரிவுக்குப் பத்தடிக்கு மேல விதியே விடாது. அந்த ஒரு அடியை வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"சரி, பன்னிரண்டு. அதுக்கு மேல ஒரு அங்குலம் கேட்டாலும் பேச்சு முறிஞ்சுது."

"சரிங்க," என்றாள்.

சொன்ன விலைக்கு ஒருவர் உடனே தலையாட்டினால் பேரக்காரனுக்குத் தெரியும், எங்கேயோ ஏமாந்துவிட்டோமென்று. அவள் அலமாரியைத் திறந்து சட்டை வெட்டுகிற பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து விரித்தாள். அறையின் படம். கதவு, ஜன்னல், மிஷின் வைக்கிற இடம். அகலம் பன்னிரண்டு அடி என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"எப்ப வரைஞ்சே?"

"பொழுது போகாதப்ப."

"கார்?"

"வாத்தியார் அவர் காரை வித்துட்டார். இடம் காலியாத்தான் கிடக்கு, கொண்டாந்து விடுங்கன்னார்."

"அந்த ஆள்கிட்டயா? என்ன பேரம் பேசினே?"

"பேரமா? கேட்டேன். சரின்னார்."

இருபத்தெட்டு நாளில் வேலை முடிந்தது. பழைய சரிவைக் கொத்தனார் இடித்தார். இடிக்கும்போதும் சிரித்தார். முட்டிவலிக்கார அம்மா முதல் ஆளாக ஏறி வந்து, புது அறையில் விசிறிக்கடியில் நின்று கையைத் தூக்கினார். பஸ் எதுவும் நிற்கவில்லை. என் கார் வாத்தியார் வாசலில் நிற்கிறது. தினமும் அவருக்கு வணக்கம் சொல்லித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசிச் சோதனைக்குப் பொறியாளர் வந்தார். ரசமட்டம் வைத்தார். கம்பி மூடியைக் கழற்றி மாட்டினார். கோப்பில் கையெழுத்துப் போட்டார். என்னிடமும் வாங்கினார்.

"எல்லாம் சரியா இருக்குங்க. புகார் தீர்ந்துடுச்சுன்னு புகார் கொடுத்தவங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்."

என் ரத்தம் கொதித்தது. இதற்காகத்தான் ஒரு மாதமாகத் தொண்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன். "வரச்சொல்லுங்க. எவன்னு நானும் பார்க்கணும்."

"அக்கா உள்ள இருக்காங்களா?"

கோப்பின் அடியில் ஒரு பழுப்புக் காகிதம். அதில் தையல் சாக்கட்டியால் என் சரிவு. உயரம் இருபத்து நாலு அங்குலம், நீளம் நாற்பத்தெட்டு அங்குலம். கீழே எங்கள் கதவு எண்.

அவள் வந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் கேட்டைத் தாண்டிப் போனதும் மனைவி பக்கம் திரும்பினேன்.

"நீயா? கட்டின புருஷன்மேல புகாரா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பன்னிரண்டு வருஷம் கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் பாதி காதைத்தான் குடுத்தீங்க."

"நான் என்ன சபதம் செஞ்சேன் தெரியும்ல?"

"தெரியுமே. புகார் கொடுத்த ஆள் வீட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் கத்தறேன்னீங்க." கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். "வாசல் அந்தப் பக்கம். கொஞ்சம் தள்ளி நின்னு கத்துங்க, அளவெடுக்க ஆள் வர்ற நேரம்."

சொன்ன வார்த்தையிலிருந்து நான் இறங்கியதில்லை. போய் நின்றேன். வாத்தியார் மதில்மேல் தலையை நீட்டி, "என்ன சார், நிக்கறீங்க?" என்றார். கத்தல் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. ஒரு மணி நேரமும் நின்றேன். எட்டுக்கு ஒன்று சரிவு. கால் வலிக்கவே இல்லை.