‘நைஸ்’ என்றொரு திட்டு

கல்யாணமான நாளிலிருந்து சுந்தரியிடம் தோற்றே பழகிய சேதுராமன், இனி ஒரு சண்டையிலாவது ஜெயித்தே தீருவதென்று தீர்மானித்தார். ஆயுதம் போனிலேயே வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து மகன் ரமேஸ் அனுப்பியிருந்தான். ‘நைஸ்’ என்ற இங்கிலீஷ் சொல்லின் பூர்வீகம் லத்தீனாம். ‘ஒன்றும் அறியாதவர்’ என்று பொருளாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முட்டாளைத்தான் நைஸ் என்பார்களாம்!

மாநகர சபையில் கிளார்க்காகவே இருந்து ஓய்வுபெற்ற மனுஷனுக்கு முதல் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

குசினியிலிருந்து சுந்தரி கூப்பிட்டாள்.

“என்னங்க, உளுந்து நைஸா அரைபட்டிருக்கா பாருங்க.”

“மாவைவிட நீதான் நைஸ்!”

“என்னது?”

“நீ ரொம்ப நைஸ். ஒன்னைப் போல நைஸ் இந்தக் கண்டியிலேயே கெடையாது.”

சுந்தரி சிரித்தாள். அவர் அதைவிடப் பலமாகச் சிரித்தார். திட்டுக்குக் கூலியாகச் சுடச்சுட வடை வந்தது. மத்தியானம் மறுபடி திட்டினார். பொரித்த மீன் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. சாயந்தரம் அவள், “வாவிக்கரைக்குப் போவோமா?” என்றாள். ஜெயித்தவருக்குத் தாராளம் வராதா? கிளம்பினார்.

கரையோர மரங்களில் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன. சுந்தரி நின்றாள்.

“ஞாபகம் இருக்கா? கல்யாணமான புதுசு. மழை. இங்கனதான் என் செருப்பு அந்துபோச்சு. நீங்களும் ஒங்க செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தீங்க. வெக்கமா இல்லையான்னு கேட்டேன். ‘ஒன்கூட நடக்கிறது நைஸா இருக்கு’ன்னீங்க. அர்த்தம் தெரியல. யார்கிட்ட கேக்கன்னும் தெரியல. ஆனா ராத்திரியெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு.”

சேதுராமன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அன்றைய மழைத்தண்ணீர் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது.

“சுந்தரி, காலையில இருந்து நான் ஒன்னைத் திட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு...”

“முட்டாள்னு அர்த்தம். ரமேஸ் எனக்குத்தான் மொதல்ல அனுப்புனான்.”

“தெரிஞ்சுதான் சிரிச்சியா?”

“என்கூட இப்படி நடந்து எத்தனை வருஷமாச்சு! திட்டுனாத்தான் வருவீங்கன்னா, நல்லாத் திட்டுங்க.” அவர் கையைக் கோத்துக்கொண்டாள். “நாளைக்குக் கொஞ்சம் கூடவே திட்டுங்க. தெல்தோட்டை வரைக்கும் போய் என் தம்பியைப் பாத்துட்டு வந்துருவோம்.”